ஆடு மாடுகளுக்கு மட்டும் வண்ணம் பூசிய டிசம்பர்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "உனக்கு மட்டும் எப்படிம்மா நம்ப முடியுது? எனக்கு ஜெபம் பண்ண வாயத் தொறந்தாலே பயமா இருக்குது" என்றாய். அந்த நேரம் பார்த்து குக்கர் விசில் அடித்தது. அதைச் சாக்காக வைத்து "அப்புறம் பேசறேன்டா" என்று சொல்லிவிட்டேன். அடுப்பில் அப்படி ஒன்றும் அவசரம் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல்தான் போனை வைத்தேன். பேச ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீ உடனே ஆபீஸ் கதைக்குத் தாவிவிடுவாய். நம் இரண்டு பேர் பழக்கமும் அப்படித்தான். அதனால்தான் எழுதுகிறேன். இன்று பொம்மை யூனிட்டில் கரண்ட் இல்லையென்று மத்தியானத்தோடு அனுப்பிவிட்டார்கள். உன் அப்பா ஜங்ஷனுக்கு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

ஜெனிக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. போன வருஷம் எட்டாவது மாதத்தில்தான் நம் பாப்பா வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனாள். இப்போது நாள் நெருங்க நெருங்க உன் குரல் மாறிக்கொண்டே வருவது எனக்குத் தெரிகிறது. உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில், போன வருஷம் ஜெனி இங்கே வந்து தங்கிய நாட்களில் இருக்கிறது. அந்த நாட்களைப் பற்றி நான் உன்னிடம் பேசியதே இல்லை. நீயும் அதிகம் கேட்டதில்லை. "என்னம்மா பண்ணீங்க ரெண்டு பேரும்?" என்று ஒரு தரம் கேட்டாய். "ஒண்ணுமில்ல, சும்மா இருந்தோம்" என்றேன். அதைத்தான் இப்போது விளக்கமாகச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நீ குறைமாதத்தில் பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தேன். நீ பிழைத்தாய். அன்றிலிருந்து, "மாதாகிட்ட கேட்டேன், குடுத்தாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோயிலில் நீ முதல் நன்மை வாங்கிய அன்று வந்தவர்களிடம் சொன்னேன், உன் கல்யாணத்திலும் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் நம் திட்டக்குடிப் பக்கத்து மங்களூரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அவளும் என்னைப் போலத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து மணிக்கட்டில் கட்டியிருந்தாள். அவள் பிள்ளை பிழைக்கவில்லை. அவள் எழுந்து போனபோது நான் உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் அவளை ஒரு நாளும் நினைத்ததில்லை. போன வருஷம் ஜெனியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகக் கேட்டுக் கிளம்பி, வேப்பூரில் இறங்கி, கொட்டும் மழையில் சென்னை பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அவள் முகம் திடீரென்று கண்ணில் வந்தது. நான் கேட்டதால்தான் நீ பிழைத்தாய் என்றால், அவள் கேட்டது எங்கே போயிற்று? இப்போது நானும் பஸ்ஸில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டுதானே வருகிறேன்? அந்த மழையில் சாலையெல்லாம் தண்ணீர். பஸ் நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆபரேஷன் மயக்கத்தில் ஜெனி படுத்திருந்தாள். நீ கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, ஈரப் பேண்ட்டோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாய். "மழை விடற மாதிரி இல்லம்மா, வைக்க வேணாம்னுட்டாங்க" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நம் பாப்பாவை அவள் அம்மா பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பார்த்தது நீ ஒருத்தன்தான்.

ஊருக்குத் திரும்பி வந்தேன். கார்த்திகை அகல் விளக்கு வேலை முடிந்து, யூனிட்டில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை வேலை மும்முரமாக இருந்தது. உனக்குத் தெரியாததா, சூளையிலிருந்து வந்த பொம்மைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். மாதா ஒரு தட்டு, சூசையப்பர் ஒரு தட்டு, ராஜாக்கள், இடையர்கள், ஆடு மாடு என்று தனித்தனியாக இருக்கும். குழந்தை இயேசு மட்டும் தட்டு நிறையப் படுத்திருக்கும், எல்லாம் வெள்ளை வெளேரென்று, கண் காது இல்லாமல். அந்த முகங்களுக்குக் கண் எழுதுவது என் வேலை. எத்தனையோ வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அன்று என் முன்னால் அந்தத் தட்டை வைத்தார்கள். நான் தூரிகையை எடுத்தேன், எடுத்தபடியே இருந்தேன். எதிரில் உட்காரும் செல்வி பார்த்துவிட்டாள். அவள் பழமலைநாதர் கோயிலுக்குப் போகாமல் வேலைக்கு வராதவள், நம் குடும்பத்துக்கு நடந்ததைக் கேட்டுத் தன் சாமியிடமும் வேண்டிக்கொண்டவள். ஒரு வார்த்தை துக்கம் விசாரிக்கவில்லை. "அக்கா, அந்தத் தட்ட இங்க தள்ளுங்க. நீங்க ஆடு மாட்டப் பாருங்க" என்றாள். அந்த சீசன் முழுக்க நான் ஆடு மாடுகளுக்கு மட்டும் வண்ணம் பூசினேன். மாட்டுக்குக் கருவிழி, ஆட்டுக்கு மூக்கு நுனியில் ஒரு பொட்டு.

வேலை அதிகமாக இருப்பது நல்லதென்றுதான் அப்போது நினைத்தேன். நிற்க நேரமில்லாமல் ஓடினால் நெஞ்சு வலிக்காது என்று ஒரு கணக்கு. யூனிட் முடிந்ததும் கோயிலில் குடில் கட்ட வைக்கோல் கேட்டு அலைவேன். பாட்டுக் குழுவுக்கு டீ போடுவேன். துக்க வீடு என்பதால் நம் வாசலில் ஸ்டார் கட்டவில்லை, பலகாரமும் கிடையாது. ஆனால் அடுத்த வீட்டுக்குப் போய் முறுக்குப் பிழிந்து கொடுத்தேன். பூசையில் எல்லாரும் எழுந்தால் எழுந்தேன், முழங்காலிட்டால் முழங்காலிட்டேன். வாய் அசைந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அந்த மங்களூர்க்காரியின் மணிக்கட்டுத் துணிதான் கண்முன் நின்றது.

ஒரு நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றேன். நம் ஃபாதர் சின்ன வயசு, உன்னைவிட ஒன்றிரண்டு வருஷம் மூத்தவராக இருப்பார். வீடு வீடாக கேரல் பாட்டு ரவுண்ட்ஸ் போய் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. என் முறை வந்ததும் பாவம் எதையும் சொல்லாமல், "எதுக்கு ஃபாதர், கடவுள் எங்க பாப்பாவ எடுத்துக்கிட்டாரு?" என்று கேட்டேன். பின்னால் பெரிய வரிசை. அவர் சீக்கிரமாக ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். "தெரியலம்மா. தெரியும்னு சொன்னா அது பொய்யாயிடும்" என்றார். அப்புறம், "அவர்மேல கோவமா இருக்குறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். கோயிலுக்குள் உட்கார்ந்து அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அப்ப கோவமாவே வாங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க" என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஆறுதல் எதுவும் தோன்றவில்லை. ஆனால் பொய் சொல்லாத ஒருவரிடம் பேசிவிட்டு வந்தோம் என்று இருந்தது.

அதற்கப்புறம்தான் ஜெனி வந்தாள். உன்னிடம் "அத்தையப் பாக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டாள். உன் அப்பா ஜங்ஷனில் சவாரிக்கு நின்றவர், படிக்கட்டில் தனியாக இறங்கி வருகிற மருமகளைப் பார்த்துப் பதறிப்போய் அழைத்து வந்தார். வாசலிலேயே, "எம்மா, யாரு வந்திருக்காங்க பாரு" என்று குரல் கொடுத்தார். அந்தப் பெண் தாயில்லாதவள். சின்ன வயசிலேயே அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு, திட்டக்குடியில் அப்பாவிடம் வளர்ந்தவள். சோறு போட்டேன், சாப்பிட்டாள். படு என்றேன், படுத்தாள். ஆனால் தூங்கவில்லை. கண்ணை விழித்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "நானும் வரேன் அத்தே" என்றாள். அங்கே என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். "வேணாம்மா, ஒரே தூசு" என்றேன். "வூட்ல இருந்தா செவுரெல்லாம் மேல வர்ற மாதிரி இருக்குது" என்றாள். அழைத்துப் போனேன்.

யூனிட்டில் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ஆட்டைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை நீட்டி, செல்வி முன்னால் இருந்த தட்டிலிருந்து ஒரு குழந்தை இயேசுவை எடுத்தாள். வண்ணம் பூசாதது. செல்வி தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். ஜெனி அதை உள்ளங்கையில் கிடத்தி, கட்டைவிரலால் முகத்தைத் தடவினாள். தடவிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டாள்: "நம்ம பாப்பாவுக்குக் கண்ணு தெறந்திருந்துதா, மூடியிருந்துதா அத்தே?"

"தெரியாதும்மா. நான் வர்றதுக்குள்ள..." என்று இழுத்தேன். "அவருக்குத் தெரியும்" என்றாள். "கேட்டா எழுந்து வெளிய போயிடுறாரு. ராத்திரி தூங்கும்போது மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். இந்தக் கண்ணுதானே பாத்துச்சுன்னு தோணும். எனக்குக் காட்டாத ஒண்ணு அவருக்குள்ளயே இருக்குது அத்தே. இன்னும் கொஞ்ச நாள் போனா அவரையே வெறுத்துடுவேனோன்னு பயமா இருக்குது. அதான் வந்துட்டேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது.

அவள் கையிலிருந்ததை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன். சூப்பர்வைசர் வாய் திறப்பதற்குள் செல்வி, "போங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். எங்கே போவதென்று தெரியாமல் கோயிலுக்குப் போனோம். உச்சி வெயில் நேரம். ஆனால் உள்ளே அமைதியாக இருக்கும் என்று நினைத்தது தப்பு. பண்டிகை நெருங்குகிறதே! ஒரு பக்கம் குடிலுக்கு மூங்கில் அறைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தன் ஏணிமேல் நின்று சீரியல் பல்பு மாட்டினான். ஸ்பீக்கரில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று திரும்பத் திரும்பக் கத்தினார்கள். பாட்டுக் குழுப் பெண்கள் ஒரே வரியை விடாமல் பாடிப் பழகினார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் ஜெனி கடைசித் தூணின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து என் மடியில் தலை வைத்தாள். சுத்தியல் சத்தத்துக்கும் மைக் சத்தத்துக்கும் நடுவில், வாரக்கணக்காகத் தூங்காத அந்தப் பெண் தூங்கிப்போனாள். குழந்தைகள் தூங்குவது போல வாயைத் திறந்துகொண்டு.

கால் மரத்துப்போனது. அசைந்தால் எழுந்துவிடுவாளே என்று அப்படியே இருந்தேன். ஜெபமாலை பையில் இருந்தது, கை எட்டவில்லை. அப்போதுதான் கவனித்தேன், நான் எதையும் கேட்கவில்லை. உனக்காகக் கேட்டேன், உன் வேலைக்காகக் கேட்டேன், பாப்பாவுக்காக பஸ் முழுக்கக் கேட்டேன். இத்தனை வருஷமாகக் கடவுள் முன்னால் நின்றபோதெல்லாம் ஏதாவது வேண்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். அன்று அவர் ஒரு பக்கம் இருந்தார், நான் ஒரு பக்கம் இருந்தேன், நடுவில் இந்தப் பெண் தூங்கினாள். என் கோபமும் இருந்தது, அது எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அவர் எழுந்து வெளியே போய்விடவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஏணிமேல் இருந்தவன் கீழே பார்த்துவிட்டு, மைக் செட்காரனிடம் "மெதுவாப்பா, அங்க ஒரு பொண்ணு தூங்குது" என்றான். அவன் சத்தத்தைக் குறைத்தான். அதற்குப் பிறகு நான் அழுதேன். பாப்பா போன பிறகு அன்றுதான் நன்றாக அழுதேன். அந்த மங்களூர்ப் பெண்ணுக்காகவும் சேர்த்து அழுதேன்.

அந்தச் சாயந்திரம் நடந்ததை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேசுகிற மனுஷன் இல்லை என்பது உனக்குத் தெரியும். கேட்டுவிட்டு எழுந்து போய் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அங்கிருந்தே உனக்குப் போன் போட்டார். நீ லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று ஏதோ சொன்னாய் போலிருக்கிறது. "டிக்கெட் கெடைக்கலன்னா சொல்லு தம்பி. நான் ஆட்டோவ எடுத்துக்கிட்டு வந்து கூட்டிக்கிட்டு வரேன்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சென்னைக்கு எவ்வளவு டீசல் ஆகும் என்று என்னிடம் கேட்டார்!

நீ வந்தாய். பண்டிகையன்று காலைப் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது வாசற்படியில் பையோடு உட்கார்ந்திருந்தாய். மத்தியானம் நீயும் ஜெனியும் உள் அறையில் இருந்தீர்கள். நான் அடுப்படியில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது, ஆனால் நம் வீட்டுச் சுவர் கூரை வரை எட்டாது, மேலே காற்றுக்கு இடைவெளிதானே. நான் கேட்டேன் தம்பி. இன்று வரை உன்னிடம் அதைச் சொன்னதில்லை. உன் குரல், எனக்கு அடையாளமே தெரியாத ஒரு குரல். "முடி நெறைய இருந்துது. கறுப்பா, ஈரமா. மூக்கு உன்ன மாதிரி. கண்ணு மூடியிருந்துது ஜெனி, தூங்கற மாதிரிதான் இருந்துது." அப்புறம் சொன்னாய்: "கை சில்லுனு இருந்துது. என் சட்டைக்குள்ள வச்சி சூடு பண்ணிப் பாத்தேன். கல்லறை போற வரைக்கும் பண்ணிக்கிட்டே இருந்தேன். சூடே ஆவல."

அதை நீ ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பது அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது. கல்நெஞ்சுக்காரன் என்று உள்ளுக்குள் உன்னைத் திட்டியிருக்கிறேன். நீ அந்தக் குளிரை ஒருத்தனாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய். ஜெனி அலறிய அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டில் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். என் பேத்திக்கு நிறைய முடி. அம்மா மூக்கு. எனக்கும் அன்றுதான் அவள் முகம் கிடைத்தது. அன்றைக்கு நம் வீட்டில் யாரும் பிரியாணி சாப்பிடவில்லை, கேக் வெட்டவில்லை. ஆனால் இருட்டிய பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் ரசம் சோறு பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். எத்தனையோ கிறிஸ்துமஸ் பார்த்திருக்கிறேன். கடவுள் ஒரு வீட்டுக்குள் வந்தார் என்று நான் நம்புகிற கிறிஸ்துமஸ் அதுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எப்படி நம்ப முடிகிறது என்றாய். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும் என்று நான் உனக்குச் சத்தியம் செய்ய முடியாது. மாதாவிடம் கேட்டேன், கொடுப்பார்கள் என்று பழையபடி ஊரெல்லாம் சொல்லவும் எனக்கு வாய் வராது. தினமும் காலையில் கேட்கத்தான் செய்கிறேன், கேட்காமல் இருக்க முடியுமா? ஆனால் கேட்டு முடித்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்காருகிறேன். என்ன நடந்தாலும் கடவுள் நம்மை விட்டுவிட்டுப் போகமாட்டார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். சில நாள் அதுகூடக் கை நழுவுகிறது. அன்றைக்குக் கோபத்தோடு உட்காருகிறேன். உன் அம்மாவின் நம்பிக்கை இவ்வளவுதான் தம்பி. வெளியிலிருந்து பார்க்க உனக்குப் பெரியதாகத் தெரிகிறது.

இந்த மாதம் உங்கள் ஊரிலும் கூட்டமும் சத்தமுமாகத்தான் இருக்கும். ஆபீஸில் பார்ட்டி என்பார்கள், கோயிலில் வசூல் என்பார்கள், தெருவெல்லாம் பாட்டு. மனசு சரியில்லாதவனுக்கு அதெல்லாம் நெருப்பு மாதிரி இருக்கும், எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு ஓடாதே. சத்தம் அடங்கட்டும், அப்புறம் ஜெபிக்கலாம் என்று காத்திருக்கவும் செய்யாதே. கோயிலுக்குப் போனால் ஜெனியோடு பின்னால் எங்காவது உட்கார். பாட்டு வராவிட்டால் பாடாதே. வாய் திறக்கப் பயமாக இருந்தால் திறக்க வேண்டாம். அவருக்கும் ஒரு பிள்ளை சிலுவையில் செத்துப்போயிருக்கிறது, அவரிடம் நீ எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று ஜெனி போன் செய்தாள். நீ வேலைக்குப் போன பிறகு பேசினாள். பிள்ளை நன்றாக உதைக்கிறதாம், முக்கியமாகச் சாயந்திரத்தில். "கைய வச்சிப் பாருங்கன்னா வைக்கிறாரு அத்தே. உதச்சதும் வெடுக்குனு எடுத்துக்கறாரு. அப்புறம் பால்கனிக்குப் போயிடுறாரு" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. உனக்காக வருத்தப்பட்டுச் சொன்னாள்.

கையை எடுக்காதே தம்பி. நடுங்கினால் நடுங்கட்டும், உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. அப்பா கை வந்திருக்கிறது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். இன்றைக்கு அது உதைக்கிறது. இன்றைக்கு உன் கை அங்கே இருக்கட்டும்.

அம்மா